கூவினது கூவினதுதான்

மலேசியாவின் மூவாரில் நான் நடத்தும் கைப்பேசிக் கடைக்கும் நானாவின் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவர் ஆர்டர் கூவினால் என் கடையில் நிற்கிற வாடிக்கையாளர் பேசுவது எனக்குக் கேட்காது. "தே தாரே ரெண்டு, ரொட்டி கோசோங் ஒண்ணு, மேஜை நாலு!" என்று அவர் ஓர் இழுப்பு இழுப்பார். தே தாரே என்றால் ஆற்றிய பால் டீ, கோசோங் என்றால் ஒன்றும் சேர்க்காதது. உள்ளே தண்ணி, அதாவது டீ காப்பி, கலக்குகிறவர் அதை அப்படியே திருப்பிக் கூவிவிட்டுத்தான் குவளையில் கை வைப்பார். துண்டுச் சீட்டு, எழுதி வைப்பது, அதெல்லாம் அந்தக் கடையில் கிடையாது. அவர் வாயிலிருந்து வந்தால்தான் எதுவும் நடக்கும்.

எல்லாரும் அவரை நானா என்போம். அவர்கள் பக்கத்தில், தமிழ் முஸ்லிம் வீடுகளில், அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. ஆனாலும் வந்த முதல் வாரமே என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவர் மகன் சண்டைக்கு வருவான்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. கூவின ஆர்டரைத் திரும்ப எடுக்கக் கூடாது. ஒரு சனிக்கிழமை சிங்கப்பூர் காரில் ஒரு குடும்பம் வந்தது. அந்த மனுஷர் மீ கோரேங், அதாவது வறுத்த நூடுல்ஸ், கேட்டார். நானா கூவிவிட்டார். உடனே பக்கத்திலிருந்த மனைவி காதில் ஏதோ சொல்ல, அந்த மனுஷர் "இல்ல இல்ல, பிரியாணி குடுங்க" என்றார். நானா பிரியாணியையும் கூவினார். இரண்டும் வந்தன. பிரியாணிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த மீ கோரேங்கை அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். "நீங்க மாத்திக்கலாம் தம்பி. நான் கூவினத நான் மாத்த முடியாது" என்றார். அந்தச் சிங்கப்பூர்க்காரர் பாவம், பிரியாணியை விழுங்க முடியாமல் முழித்தார்.

கடைக்கு வெளியேயும் அதே கதைதான். பெக்கான் நானாஸ் என்ற ஊரில் அன்னாசித் தோட்டம் வைத்திருந்த ஒரு பழைய கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அதே நாளில் இங்கே சொந்தத் தங்கை மகளுக்கு நிக்காஹ் முடிவானது. மனுஷர் பெக்கான் நானாஸுக்குத்தான் போனார். முதலில் சொன்னது அங்கேதானாம். அவர் மனைவி பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. "பேசாட்டி போகட்டும். நான் சொன்னது சொன்னதுதான்" என்று என்னிடம் வந்து பீற்றிக்கொண்டார். எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒன்று, அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாம் மறந்துவிட்டுத் தூங்கலாம்.

அந்த மனுஷனுக்குத்தான் தொண்டையில் கட்டி வந்தது. குரல் பெட்டியையே எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று வாரத்தில் தேதி கொடுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பார்கள். இவர் காரை நிறுத்திவிட்டு நேரே என் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, சத்தம் பெருசா வர்ற டேப்லெட் ஒண்ணு எடு. வெல கொறஞ்சதா பாரு. எண்ணெ, சீனி எல்லாம் படும்."

பேச முடியாதவர்களுக்கென்று ஓர் ஆப் இருக்கிறது. திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் நம் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம், தொட்டால் பேசும். அதைப் போட்டுக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேட்டார். பெட்டியில் இரண்டு சிஸ்டம் அப்டேட் என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்தவள் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே. "ரெண்டு அப்டேட் கண்டிப்பா வரும் நானா. கவலையே படாதீங்க" என்றேன். அந்தக் கண்டிப்பாவை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன்.

ஒன்பது நாள், கடையின் ஸ்டோர் ரூமில், பால் டின் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பதிந்தார். ரொட்டியில் எத்தனை வகை, தண்ணியில் எத்தனை வகை, மேஜை ஒன்றிலிருந்து நாற்பது வரை, சீனி குறைச்சு, காரம் தூக்கலா, 'இன்னும் வரல' என்று எல்லாமாகச் சேர்த்து இருநூறு கட்டத்துக்கு மேல். குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது. பால் இல்லாத காப்பி, அந்த ஒரு கோப்பி ஓவை மட்டும் பதினைந்து தடவை கூவினார். "போதும் நானா, நல்லாத்தான் இருக்கு" என்றேன். "ஒனக்கு நல்லாருக்கு. உள்ள இருக்கறவனுக்கு இது நான்னு தெரியணுமே" என்றார்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஓய்வு என்றார்கள். ஒரு மாதத்தில் வந்து நின்றார், கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு. அதற்குள் அவர் மகன் எல்லா மேஜையிலும் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தான். கைப்பேசியில் படம் பிடித்தால் ஆர்டர் உள்ளே போய்விடும், யாரும் கூவ வேண்டாம். நானா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ரொட்டிக் கல்லைச் சுரண்டுகிற தகட்டை எடுத்தார், முதல் மேஜையிலிருந்து ஒவ்வொன்றாகச் சுரண்ட ஆரம்பித்தார்.

"வாப்பா, எல்லாக் கடையிலயும் இப்ப இப்படித்தான் லா. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று மகன் பின்னாலேயே நடந்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி ஸ்டிக்கரையும் உரித்துவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட டேப்லெட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மூன்று கட்டத்தைத் தொட்டார். "தே தாரே! ரெண்டு! மேஜை ஆறு!" கடை அப்படியே நின்றுவிட்டது. தண்ணி கலக்குகிறவர் திருப்பிக் கூவ வாய் திறந்தார், பாதியில் விட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து கூவினார். நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

இதில் ஒரு கூத்தும் உண்டு. இருநூறு கட்டம் பதிந்த மனுஷர் வீட்டுக்கென்று ஒன்றுகூடப் பதியவில்லை. மனைவியின் பெயர் இல்லை, சாப்பிட்டியா இல்லை, வா போ இல்லை. அவர் மனைவியை நாங்கள் லாத்தா என்போம், அதாவது அக்கா. லாத்தா என் கடைக்கு வந்து கத்தித் தீர்த்தார்.

"முப்பத்தி ரெண்டு வருஷம் குடும்பம் நடத்துனேன். எறச்சி ரொட்டிக்கு அஞ்சு கட்டம் வெச்சிருக்காரு. எனக்கு ஒண்ணு இல்ல! ராத்திரி தண்ணி வேணும்னா 'ஐஸ் கோசோங், ஒண்ணு'ன்னு கூவுறாரு. நான் என்ன அவரு கடையில வேல பாக்குறேனா?"

"எழுதினா பொம்பளக் குரல்ல பேசுமே லாத்தா, அதுவும் இருக்கு" என்றேன்.

"அத ஒரு நாள் போட்டாரு. நான் யாருடி வீட்டுக்குள்ளன்னு ஓடி வந்தேன். அந்தச் சிறுக்கி நம்ம வீட்ல பேச வேணாம்."

சொல்லும்போதே சிரித்துவிட்டார். நானா மௌத்தாகி, கண்ணை மூடி, இப்போது இரண்டு வருடம். டேப்லெட் லாத்தாவிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் சார்ஜ் போடுகிறார். போட்டுக் கேட்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

நானா இருந்தபோது, முதல் அப்டேட் ஒரு வருடத்தில் ஒழுங்காக வந்தது. இரண்டாவதுதான் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஆப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. இன்ன தேதிக்குப் பிறகு பழைய சிஸ்டத்தில் இந்த ஆப் திறக்காது. குரல் பதிவுகளை வேறு டேப்லெட்டுக்கு மாற்ற வேண்டுமென்றாலும் புது ஆப் வேண்டும், புது ஆப்புக்குப் புது சிஸ்டம் வேண்டும். அப்டேட் வராவிட்டால் அவர் குரல் அந்தப் பலகைக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். ஐந்து மாதம் தவணை.

என் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துப் பதிந்து பார்த்தேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல வந்தது. நானா கேட்டுவிட்டுக் கையை வேண்டாம் என்று ஆட்டினார்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு வந்துவிடுவார். காலைக் கூட்டம் அடங்கும் நேரம். டேப்லெட்டை என் மேஜையில் வைப்பார். நான் செட்டிங்ஸுக்குள் போய் அப்டேட் இருக்கிறதா என்று தட்டுவேன். ஒரு வட்டம் சுற்றும். சுற்றி முடித்து, உங்கள் டேப்லெட் லேட்டஸ்ட் வெர்ஷனில் இருக்கிறது என்று பல்லைக் காட்டும். நானா என் முகத்தைப் பார்ப்பார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார், அதில் எழுதுவார். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய், "கம்பெனி அனுப்பலன்னா நான் என்ன நானா செய்ய முடியும்?" என்று எகிறினேன். அவர் நிதானமாக எழுதி நீட்டினார்.

"இன்ஷா அல்லாஹ்னு சொல்லிருந்தா ஒன்ன விட்ருப்பேன். நீ கண்டிப்பான்னு சொன்னே. கூவிட்டே. கொண்டா."

இரண்டாவது மாதம் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், இனி அப்டேட் கிடையாது. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் பத்து மணிக்கு அவர் வந்தார். "கட்டம் கட்டமா விடுறாங்களாம் நானா. நம்ம பக்கம் இன்னும் வரல" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்து உங்கள் குரல் போகப்போகிறது என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பிறகு இரண்டாம் ஆளாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை. பயந்தாங்கொள்ளி நான்.

மூன்று மாதம் இப்படி ஓட்டினேன். தவணையில் மூன்று வாரம் பாக்கி இருக்கும்போது நோட்டில், "ஜொகூர் பாரு போறோம். நீ வித்தே, நீ வா" என்று எழுதினார். தெரிந்தே காரில் ஏறினேன். அங்கே சர்வீஸ் சென்டரில் கம்பெனிக்காரன் வாயால் சொல்லிவிடட்டும், நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். எங்களைப் போலவே அதே மாடலை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து பேர் இருந்தார்கள். ஒரு சீன ஆன்ட்டி இரண்டாவது தடவையாக வந்திருக்கிறேன் என்றார். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் எல்லாரிடமும் ஒரே மாதிரி, "துங்கு, துங்கு" என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொறுங்கள், பொறுங்கள். ஒன்றரை மணி நேரம் போனது. எங்கள் முறை வந்தது. அவரிடமும் துங்கு என்றாள்.

நானா உட்காரவில்லை. கவுண்டர் முன்னாலேயே நின்றுகொண்டு, ஸ்பீக்கரை முழுதாக வைத்து, ஒரு கட்டத்தைத் தொட்டார்.

"மேஜை எட்டு! இன்னும் வரல!"

அந்தக் குளிர்ந்த ஹாலில் அது எப்படி இருந்தது தெரியுமா! அவருடைய சொந்தக் குரல், மதியக் கூட்டத்தில் கூவுகிற அதே குரல். தூங்கிக்கொண்டிருந்த ஆள் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். "மேஜை எட்டு! இன்னும் வரல! மேஜை ஒம்போது! இன்னும் வரல!" மொழி புரியாத சீன ஆன்ட்டிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தன் டேப்லெட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, "நானும்! என்னுதும் வரல!" என்று மலாயில் கத்தினார். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். எனக்குப் பெருமையில் மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்ச நேரம் நான் யார் பக்கம் என்பதே மறந்துபோனது.

உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். தமிழ்ப் பையன்தான், டை கட்டியிருந்தான். நானாவிடம் பணிவாகவே பேசினான்.

"ஐயா, சாரி. இந்த மாடலுக்கு அப்டேட் வராது. நிப்பாட்டிட்டாங்க. மூணு மாசத்துக்கு முன்னயே எல்லாக் கடைக்கும் மெசேஜ் அனுப்பிட்டோம்." என் பக்கம் திரும்பினான். "அக்கா, ஒங்க கடைக்கும் வந்துருக்குமே?"

நானா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பி வருகிற இரண்டரை மணி நேரமும் அவர் நோட்டைத் தொடவில்லை. யோங் பெங் பக்கம் தொழுகைக்கு நிறுத்தினார். வரும்போது ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கி என் பக்கம் நீட்டினார், முகத்தைப் பார்க்காமல். அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை. குடிக்க முடியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கூவல் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் நானே போய் என் வழக்கமான மேஜையில் உட்கார்ந்தேன். நான் என்ன சாப்பிடுவேன் என்று அந்தக் கடையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் கூவினால்தானே வரும்? அவர் கூவவில்லை. எனக்குப் பின்னால் வந்த நாற்காலித் தொழிற்சாலை ஆட்கள், தலையில் மரத்தூளோடு, சாப்பிட்டு எழுந்து போனார்கள். அரை மணி நேரம் ஆனது. ரொட்டி போடுகிறவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. எழுந்திருக்கப் போவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆனது.

அப்புறம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எனக்குத் தெரியும் நானா! மூணு மாசமா தெரியும். சொல்ல பயமா இருந்துச்சு. வருது வருதுன்னு தெனமும் பொய் சொன்னேன். அப்டேட் வராது!"

கல்லில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. நானா டேப்லெட்டைக் கையில் எடுத்தார். "ரொட்டி தெலோர்! ஒண்ணு! கோப்பி ஓ! சீனி குறைச்சு! மேஜை மூணு!" உள்ளே திருப்பிக் கூவினார்கள். என் முட்டை ரொட்டியும் காப்பியும் வந்ததும் எதிரே வந்து உட்கார்ந்தார்.

நான் சாப்பிடாமல் அந்த டேப்லெட்டைக் கேட்டு வாங்கினேன். "ஒரு வழி இருக்கு. நெட்ட மொத்தமா அறுத்துருவோம். வைஃபை வேணாம், சிம் வேணாம், இனி எப்பவும் வேணாம். வெளிய என்ன தேதி, என்ன சட்டம்னு இதுக்குத் தெரியாமலே வெச்சுருவோம். ஓடலாம். ஓடாமலும் போகலாம். எனக்குத் தெரியாது நானா."

அவர் நோட்டை எடுத்து எழுதினார். "இப்பதான் ஒழுங்கா கூவறே."

அந்தத் தேதிக்கு மறுநாள் காலை நான் என் கடையைத் திறக்கவே இல்லை. அவர் கடையில் போய் நின்றேன். மகன் கல்லாவில் இருந்தான். லாத்தாகூட அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார். மேஜை ஐந்தில் ஒரு லாரி டிரைவர், விஷயம் எதுவும் தெரியாதவர், தே தாரேயும் இரண்டு ரொட்டியும் கேட்டார். நானா கட்டத்தைத் தொட்டார். ஒரு நொடி ஒன்றும் வரவில்லை. மலிவு டேப்லெட், எப்போதும் அப்படித்தான் திணறும். பிறகு வந்தது. "தே தாரே! ஒண்ணு! ரொட்டி கோசோங்! ரெண்டு! மேஜை அஞ்சு!" மகன் கல்லாவிலிருந்து எழுந்து அவனே திருப்பிக் கூவினான். கூவிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தான்.

அந்த டேப்லெட் அதற்குப் பிறகு யார் பேச்சையும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் எனக்குச் செய்தி வந்தது. அந்த சர்வீஸ் சென்டரில் யாரோ எடுத்த வீடியோ எங்கெங்கோ சுற்றி, புகார் மேல் புகார் போய், கம்பெனி மனசு மாறியிருந்தது. நிறுத்திய மாடலுக்கு இரண்டாவது அப்டேட் விடுகிறார்களாம், இன்றிலிருந்தே. நான் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினேன். மதியக் கூட்டம், நானா மேஜைகளுக்கு நடுவில் நின்றிருந்தார்.

"வந்துருச்சு நானா! அலமாக், நெஜமாவே வந்துருச்சு! நீங்க கூவுனதுலதான் வந்துச்சு. குடுங்க, நெட்டப் போட்டு ஏத்திருவோம்."

போனை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் படித்தார். டேப்லெட்டை ஒரு கையால் மார்போடு பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் நோட்டை மேஜையில் வைத்து எழுதி, அந்தத் தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்துவிட்டு மேஜை பன்னிரண்டைப் பார்க்கப் போய்விட்டார்.

"ரொம்ப லேட். அந்த மேஜைக்காரர் எந்திரிச்சுப் போய்ட்டாருன்னு அவங்ககிட்ட சொல்லு."

அப்படியே மலாயில் எழுதி, கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.